மதகுக்காரன் சாட்சி

நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
ஓர் அத்தியாயம் எழுதிவிடலாம்.
என்ஜினைக் கழற்றி
சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்டி
வண்டி மன்னார்குடிக்குத் திரும்புவதற்குள்
வேல்ஸில் எனக்கு ஒரு கொலை முடிந்துவிடும்.

உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன்.
மாதம் ஒரு நாவல், தொண்ணூற்றாறு பக்கம்,
அட்டையில் வேறு பெயர்.
"ரத்தம் வேண்டாம் மேடம், ஒரு பிணம் போதும்,
அதுவும் எல்லாரும் டீ குடித்தபின் கிடைக்கட்டும்"
என்பார் பதிப்பாளர்.
போன வருடம் அயர்லாந்து, அதற்கு முன் ஸ்காட்லாந்து.
கெல்ட்டியர் நாடு ஆறும்
கிளை நூலக அட்லஸில் என் விரல் பட்டுக் கறுத்திருக்கின்றன.

இந்த மாதம் அபெர்வென். நான் கட்டிய ஊர்.
நாற்பது வீடு, ஒரு கம்பளிநூல் கடை,
கடையில் கெரிஸ் பெவன், வயது அறுபத்து மூன்று,
முடிச்சைப் பார்த்தே போட்ட கையைச் சொல்லுவாள்.
மழைக்குப் பஞ்சமில்லை,
நம் ஐப்பசியை அப்படியே தூக்கி வைத்தேன்.
குளிருக்குத்தான்
பால்கடை ஐஸ்பெட்டிக்குள் கைவிட்டுக் குறிப்பெடுத்தேன்.

கிணற்றோர மரத்தில் கந்தல் முடிந்து
நோவை அங்கேயே விட்டுவருமாம் அந்தச் சனம்.
இதை விளக்க எனக்கு ஒரு வரிகூடச் செலவாகவில்லை.
கந்தல்களுக்கு நடுவே ஒன்று மட்டும் புதுத்துணி:
முதல் துப்பு.
அவர்களிடம் ஓர் எழுத்து உண்டு.
நாக்கை மேலே ஒட்டி ஓரமாய்க் காற்றுவிட வேண்டும்.
நம் ழகரம்போல்
வெளியூர்க்காரனைக் கூசாமல் காட்டிக்கொடுக்கும்:
இரண்டாம் துப்பு.

மூன்றாவதுக்கு அவர்களுடைய பழங்கதை ஒன்று.
கடலை மறித்துக் கட்டிய நாடு.
விருந்து ராத்திரி,
மதகுக்காரன் குடித்துக் கிடந்தான், கதவைச் சாத்தவில்லை.
பதினாறு ஊர் விடிவதற்குள் அடியில்.
காற்றடங்கிய நாளில்
தண்ணீருக்குள் மணி கேட்கிறதாம்.

கடலுக்குள் போன ஊர் நமக்கும் இருக்கிறது.
பெயரே புகார்.
யார் மேல் என்றுதான் எழுதிவைக்கவில்லை.

ஷட்டர் எப்படி இறங்கும்,
என்ன சத்தம் வரும் என்று கேட்க
கோரையாற்றுத் தலைப்புக்குப் போனேன்.
லஸ்கர் பக்கிரிசாமி கிரீஸ் கையோடு நின்றார்.
கைப்பிடியை என்னிடமே கொடுத்தார்.
பதினோரு சுற்றில் எனக்கு மூச்சு வாங்கியது,
பலகை நாலு விரல்தான் அசைந்திருந்தது.
கதையைச் சொன்னேன்.
கழிவுப்பஞ்சில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தபடி கேட்டார்.

"குடிச்சிருந்தான்னு யாரு சொன்னா?"

ஊர்ச்சனம் என்றேன்.

"ஊர்தான் முழுகிப்போச்சே."

கீழே தண்ணீர் மூன்றாகப் பிரிந்துகொண்டிருந்தது.

"கரை உடைஞ்சா லஸ்கர் குடிகாரன்.
கடைமடைக்குத் தண்ணி வரலன்னாலும்
லஸ்கர் குடிகாரன்.
நான் வெத்தலைகூடப் போடறதில்ல.
அது கெடக்கட்டும்.
மிஞ்சினவன் எவனோ அவன்தானே சொல்லியிருக்கணும்?
அவன் நெலம் எங்க இருந்துச்சு? மேட்டுலயா?
அன்னிக்கு விருந்து வச்சது யாரு?"

என்னிடம் பதில் இல்லை.
ஆயிரம் வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வியைக்
கேட்டுவிட்டு அவர்
நீர்மட்டப் பலகையைப் பார்த்து
நோட்டில் எண் குறிக்கப் போய்விட்டார்.

எழுபத்திரண்டு பக்கம் கிழித்தேன்.
பதிப்பாளர் இரண்டு முறை அழைத்துவிட்டார்.
அபெர்வென் மதகுக்காரனை இப்போது
விலாவில் ஒரு பழைய காயத்தோடும்
கணக்குப் பிசகாத நோட்டோடும் எழுதுகிறேன்.
கடைசிப் பக்கத்தில் எண் இருக்கிறது.
கதவு சாத்தப்பட்ட நேரம் இருக்கிறது.
பிறகு யாரோ திறந்திருக்கிறார்கள்.

கேட் தூக்கிவிட்டார்கள்.
பின்னால் பால்வண்டி ஹாரன் அடிக்கிறது,
மினிபஸ் கண்டக்டர் என் பிறப்பை விசாரிக்கிறான்.
இருக்கட்டும்.
கெரிஸ் பெவன் கடையைச் சாத்திவிட்டு
மேட்டுத் தெருவில் நடந்துகொண்டிருக்கிறாள்,
அந்த ராத்திரி
ஈரமே படாத ஒரு வாசற்படியைத் தேடி.